தும்மிவிட்டுப் போன நாய்

வாயைத் திறக்க முடியாது. முகம் பூரா நுரை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று கொம்பையா நினைத்துக்கொண்டார். வாய் மூடிக் கிடந்தால் மனசுக்குள் இங்கிலீஷ் வரிசையாக வருகிறது. திறந்தால் போதும், தமிழ் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. ஸிட். ஸ்டே. கம். டோன்ட் கோ. நாலும் கட்டளை வாக்கியம். இம்பெரேட்டிவ். இந்த ரகத்தில் எழுவாய் வெளியே தெரியாது, உள்ளே ஒளிந்துகொண்டிருக்கும் என்று சாராள் டீச்சர் சொல்லியிருந்தார். ஒளியட்டும். யாரைச் சொல்கிறோம் என்று சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிற நாய்க்கும் தெரியும். சலூன் சந்தனகுமார் தாடையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினான். கண்ணாடியிலிருந்த முகம் போய் வாசல் வந்தது. வாசலுக்கு அப்பால் மதுரை ரோடு, ரோட்டுக்கு அப்பால் ஆயுதப்படை மைதானத்தின் சுற்றுச்சுவர். அந்தச் சுவருக்கு உள்ளேதான் அது இருக்கிறது. ரீட்டா. டாபர்மேன். போலீஸ் உத்தியோகம் முடிந்து ஓய்வு பெற்ற மோப்ப நாய். சவரம் முடிந்ததும் இவர் போய் அதன் முன்னால் நிற்க வேண்டும். சொன்னதைக் கேட்டால் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். கேட்காவிட்டால் அடுத்து ஒரு தோட்டக்காரர் காத்திருக்கிறார், அவர் கூட்டிப்போய்ப் பம்புசெட்டில் கட்டிப்போடுவார். அதற்கு இங்கிலீஷைத் தவிர ஒன்றும் தெரியாது. ஊரில் எவனுக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. தெருவில் பிறந்து, தெருவில் வளர்ந்து, சோற்றுப் பருக்கை தின்கிற நாயிடம்கூட நம்மாட்கள் 'கம், கம், கோ, கோ' என்றுதான் பேசுகிறார்கள். பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசாதவன் நாயைக் கண்டதும் வெள்ளைக்காரனாகிவிடுகிறான். கொம்பையா மட்டும் அறுபத்தைந்து வயது வரை எந்த நாயிடமும் எந்த பாஷையும் பேசியதில்லை. இப்போது பேச வேண்டியிருக்கிறது. பேசிவிடலாம். என்ன பெரிய இது.

"என்ன அண்ணாச்சி, சாமி கும்பிடுறீகளா? ஒதடு அசையுதே," என்றான் சந்தனகுமார். "அசைக்காதீக. கத்தி வழுக்கிருச்சுன்னா அப்புறம் ஆஸ்பத்திரியிலதான் நாய் வந்து பாக்கணும்." உதடு அசைந்ததா? அசைந்திருக்கும். இரண்டு மாதமாக அசைந்துகொண்டுதான் இருக்கிறது. குளிக்கும்போது, பல் விளக்கும்போது, ரேஷன் கடை வரிசையில். வாக்கியம் நாலு வகை. செய்தி சொல்வது, கேள்வி கேட்பது, கட்டளை போடுவது, அய்யோ அடடா என்று கத்துவது. மத்தியானத்தில், ட்யூஷன் பிள்ளைகள் வராத நேரத்தில், சாராள் டீச்சர் வீட்டு முன்ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டது. டீச்சருக்கும் இவர் வயதுதான். ரிட்டயரான பிறகும் குரலில் பிரம்பு இருந்தது. "எனக்கு கட்டளை மட்டும் போதும் டீச்சர்," என்றார் முதல் நாளே. "நாலும் படிச்சாத்தான் ஒண்ணு ஒழுங்கா வரும். உக்காருங்க." உட்கார்ந்தார். அவர் சொன்னதே கட்டளை வாக்கியம்தான். இவருக்கு அது புதிதில்லை. வடிவாம்பிகை மகாலில் மேனேஜராக இருந்த இருபது வருஷமும் வேறு எந்த வாக்கியத்தில் பேசினார்? இலையைப் போடு. சாம்பாரைக் கொண்டா. மைக்கை அணை. மாப்பிள்ளையை எழுப்பு. எழுவாய் கிடையாது, சுற்றி வளைப்பது கிடையாது. ஐநூறு பேர் பந்தி இந்த நாலு வார்த்தையில் நடந்து முடியும். 'கொம்பையா பேசினா காசு விழும்னு பாக்குறான்' என்பார்கள். பேசுகிறவன் எல்லாம் என்ன பிடுங்கினான்? நாய்க்கு இவரைப்போல ஆள்தான் சரி. டீச்சரே ஒத்துக்கொண்டார்: "கட்டளையில உங்களுக்கு நூத்துக்கு நூறு. மத்ததுல முட்டை. ஒரு கேள்வி கேட்டா தலையத் தலைய ஆட்டுறீங்க. முழு வாக்கியமாச் சொல்லுங்க. டூ யூ லைக் காபி?" "யெஸ்." "முழு வாக்கியம்." "யெஸ், ஐ லைக் காபி." "அப்ப இருங்க, போட்டுத் தாரேன்." அது நன்றாகத்தான் போயிற்று. மறுநாள்தான் கெட்டது. டீச்சர் காபி டம்ளரை வைத்துவிட்டு, சாதாரணமாக, பாடத்தில் இருக்கிறபடி கேட்டார்: டிட் யூ டேக் த புக்? நீ எடுத்தாயா. புக்கைத்தான் கேட்டார். அது பாடம். நோ, ஐ டிட் நாட் டேக் த புக் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். காபி அங்கேயே ஆறியிருக்கும். அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

வலப்பக்கம் திருப்பினான். சுவரில் காலண்டர், அதற்குக் கீழே பாட்டில்கள். பச்சை, நீலம், மஞ்சள். "சென்டு அடிக்கவா அண்ணாச்சி? புதுசு. போலீஸ்காரங்க எல்லாம் இதத்தான் கேக்காங்க." நுரைக்குள்ளிருந்து கையை மட்டும் ஆட்டினார். கூடாது. "பவுடராச்சும்?" கூடாது. "மீசைக்கு லேசா மை? பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்க வேணாமா?" கூடாது, கூடாது. நுரைக்குக்கூட வீட்டிலிருந்து சோப்பைக் கொண்டுவந்திருந்தார். வாசனையில்லாத வெள்ளைச் சோப்பு, மனைவி சீனியம்மாள் துணிக்குப் போடுகிறது. மேலே எந்த வாசனையும் இருக்கக் கூடாது. கொம்பையா வாசனை மட்டும் இருக்க வேண்டும், அது என்ன வாசனையோ. ஒரு மனுஷனுக்குத் தன் வாசனை தெரியாது. நாய்க்குத் தெரியும். மூக்கின் ஓரத்தில் கத்தி வந்தபோது சந்தனகுமார் மூக்கைத் தூக்கிப் பிடித்தான், மூக்குக்குள் குறுகுறுவென்றது. மூக்குப்பொடியை விட்டு எட்டொன்பது வருஷமாகிறது, இன்னும் மூக்கு கேட்கிறது. தகர டப்பா, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு சிட்டிகை. அப்பா போட்டார், சித்தப்பா போட்டார், இவரும் போட்டார். அந்த ஒரு சிட்டிகைதான் எல்லாவற்றுக்கும் காரணம். சனியன்.

பெயர்ச்சொல் ஐந்து வகை. ஆளுக்கும் ஊருக்கும் உள்ள பெயர் ப்ராப்பர்: ரீட்டா, கொம்பையா. பொதுப்பெயர் காமன்: டாக், மேன், போலீஸ். கூட்டத்துக்குப் பெயர் கலெக்டிவ்: க்ரவுட். பொருளுக்குப் பெயர் மெட்டீரியல்: கோல்ட். ஐந்தும் அந்தக் கல்யாணத்தன்றைக்கு அங்கே இருந்தன. மகால் மாடியில் மணப்பெண் அறை, பீரோ, அதற்குள் நகைப்பெட்டி. மாடிச் சாவி இவர் இடுப்பில். முகூர்த்தம் முடிந்து பெண் மேலே போய்ப் பீரோவைத் திறந்தாள். பெட்டி இருந்தது, உள்ளே வெல்வெட்டுத் துணி இருந்தது, நகை இல்லை. அப்புறம் அய்யோ. அய்யய்யோ. அந்த நாலாவது வகை வாக்கியத்தை இவர் அன்றைக்கு வயிறு நிறையக் கேட்டார். போலீஸ் வந்தது, எல்லாரையும் பந்தி ஹாலில் வரிசையாக நிறுத்தியது. சமையல்காரர், பரிமாறுகிறவர்கள், லைட்டுக்காரன், இரண்டு வீட்டுச் சொந்தங்கள், இவர். யார் சொல்லியும் இல்லை, ஆனாலும் இவருக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. க்ரவுட் ஒதுங்கிக்கொண்டது. ஜீப்பில் வந்து இறங்கியது ரீட்டா. அப்போது அதற்கு ஒரு வயசு, ஒன்றரை வயசு இருக்கும், எண்ணெய் தடவிய மாதிரிக் கறுப்பு. பிடித்திருந்தவர் ஜெயசீலன் என்ற காவலர், அவரும் சின்ன வயசுதான், பூட்ஸ் புதுசு. வெல்வெட்டை மோந்துவிட்டு நாய் வரிசையில் நடந்து வந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆளைக் கண்டுபிடித்தால் முன்னால் உட்கார்ந்துகொள்ளும், நகராது என்று யாரோ கிசுகிசுத்தார்கள். இவர் முன்னால் வந்து நின்றது. பாதம். முழங்கால். வேட்டிக் கரை. வலது கையை நீட்டச் சொன்னார் ஜெயசீலன். நீட்டினார். நாய் மூக்கை வைத்தது, ஈரமாக, குளுகுளுவென்று. ஒரு தும்மல் போட்டது. இன்னொன்று. தலையை உதறிக்கொண்டு இவரைக் கடந்து போய்விட்டது. சமையல்கட்டு, கொல்லைப்புறம், எச்சிலிலைக் குவியல், தெரு, பஸ் ஸ்டாப், அங்கே இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. மறுநாள் பேப்பரில் போட்டிருந்தான்: மோப்ப நாய் ரீட்டா சிறிது தூரம் ஓடிச்சென்று நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. நல்ல வாக்கியம். செய்தி வாக்கியம். நகையும் கிடைக்கவில்லை, எடுத்தவனும் கிடைக்கவில்லை. அதோடு விட்டிருக்க வேண்டியதுதானே. ஒரு வாரத்தில் டீக்கடையில் எவனோ ஆரம்பித்தான்: "பொடியப் போட்டு நாய் மூக்கையே அடைச்சுட்டான்யா கொம்பையா. பெரிய ஆளுய்யா." சிரிப்பு. சிரித்தவர்கள் நம்பினார்களா இல்லையா, அது வேறு. மகால் முதலாளி கூப்பிட்டு, "கொம்பையா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்," என்றார். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தார். டப்பாவைச் சாக்கடையில் எறிந்தார். ஐந்தாவது பெயர்ச்சொல் கண்ணுக்குத் தெரியாதது, தொட முடியாதது, அப்ஸ்ட்ராக்ட். ஒரு உதாரணம் சொல்லுங்க என்றார் டீச்சர். லவ், பியூட்டி, ஹானஸ்டி என்று அவரே எடுத்துக்கொடுத்தும் பார்த்தார். "டவுட்," என்றார் கொம்பையா. கரெக்ட் என்றார் டீச்சர்.

கத்தி கழுத்துக்கு வந்தது. எச்சில் விழுங்காமல் இருந்தார். நாயை எதற்கு என்று கேட்கிறார்கள். வயசான காலத்தில், வயசான நாயை. தீனி போட்டு, கறி வாங்கிப் போட்டு, ஊசி போட்டு. காவலுக்கா? காவல் காக்க வீட்டில் என்ன இருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான். அது என்னை மறுபடி ஒரு தடவை மோந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பொடி இல்லாமல், சென்டு இல்லாமல், இந்தக் கையை. தும்மாமல் மோந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் என்னோடு வர வேண்டும். நாய்க்கு ஞாபகம் இருக்குமா? எத்தனை கை மோந்திருக்கும் இத்தனை வருஷத்தில். கெட்டவன் கைதான் அதற்கு ஞாபகம் இருக்கும், ஒன்றுமில்லாதவன் கையை எந்த நாய் ஞாபகம் வைத்துக்கொள்ளும். இருக்காது. இல்லாவிட்டால் போகிறது. புதுசாக மோந்து பார்க்கட்டும். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது, அதில்தான் மனசு நேற்றிலிருந்து முள்ளில் வேட்டி மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. முதலில் எந்தக் கட்டளையைச் சொல்வது? ஸிட் என்றுதான் டீச்சர் முதலில் கற்றுக்கொடுத்தார். ஸிட் என்றால் உட்காரும். என் முன்னால் உட்காரும். கண்டுபிடித்த ஆள் முன்னால் உட்காருகிற நாய். ரோட்டில் போகிறவன் எவனாவது எட்டிப் பார்த்தால்? கொம்பையா முன்னால் போலீஸ் நாய் உட்கார்ந்துவிட்டது என்று சாயந்திரம் டீக்கடைக்கு வந்துவிடும். ஸிட் வேண்டாம். கம். கம் என்று ஆரம்பிக்கலாம். கம் நல்ல வார்த்தை. வா. வந்தால் போதும், உட்காருவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் சீனியம்மாள். "நாய் ஒரு வாசல் வழியா வந்துச்சுன்னா நான் இன்னொரு வாசல் வழியா மக வீட்டுக்குப் போயிருவேன்," என்று காலையில் தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். வீட்டுக்கு ஒரே வாசல்தான். அதை இவர் சொல்லவில்லை. சீனியம்மாளிடம் இவர் அதிகம் சொல்வதில்லை. அன்றைக்கு மகாலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் அடுப்படியிலிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றுவிட்டுக் கேட்டாள். "நீங்க எடுக்கலைல்ல?" போலீஸ் கேட்டது, சரி, அதற்குச் சம்பளம். முதலாளி கேட்டான், அவன் மகால். பெண்ணைப் பெற்றவன் சட்டையைப் பிடித்துக் கேட்டான், அவன் நகை. இவள் கேட்டாள். ஊர் முழுக்கக் கேள்வி வாக்கியம். கேட்காத ஒரே ஜென்மம் அந்த நாய்தான். மோந்து பார்த்தது, தெரிந்துகொண்டது, போய்விட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர்தான். அப்புறம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை. இவர் எடுப்பாரா.

"முடிஞ்சுது," என்று படிகாரக் கட்டியை எடுத்தான் சந்தனகுமார். கொம்பையா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "இதுல என்ன அண்ணாச்சி வாசன?" யோசித்தார். படிகாரத்துக்கு வாசனை இல்லை. விட்டார். குளிர்ந்து எரிந்தது. கண்ணாடியில் இருந்த ஆள் சுத்தமாக இருந்தான், கொஞ்சம் முறைத்தான், பயப்படுகிற முகமில்லை. "நாய் இங்கிலீஷ்ல பதில் சொல்லிச்சுன்னா என்ன பண்ணுவீக?" என்றான் சந்தனகுமார். "ஒன்ட்ட அனுப்புறேன்," என்றார். "அடேயப்பா, வாயத் திறந்துட்டாரு!" என்று அவன் துணியை உதறினான். ரோட்டைக் கடந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது. அதை நிறுத்துகிற மாதிரிக் கையைக் காட்டிவிட்டு, அது நிற்காமல் போன பிறகு நடந்தார். கம். ஸ்டே. டோன்ட் கோ. ஸிட் வேண்டாம். கேட்டில் நின்ற சென்ட்ரியிடம் பெயரைச் சொன்னார். உள்ளே வேப்பமரத்தடியில் ஜெயசீலன் நின்றார். தொந்தி விழுந்து, காதோரம் நரைத்து, பூட்ஸ் பழசாகி. இவருக்கு அது ஒருமாதிரி திருப்தியாக இருந்தது. வருஷம் எல்லாருக்கும்தான் போயிருக்கிறது. "வாங்க அண்ணாச்சி. ஆதார் ஜெராக்ஸ் கொண்டாந்தீங்களா?" இல்லை. இங்கிலீஷை மறக்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததில் அதை மேசை மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். "இருக்கட்டும், அப்புறம் பாப்போம். மொதல்ல அவ உங்களப் பாக்கட்டும்," என்று ஜெயசீலன் நாய்க் கொட்டடிக் கதவைத் திறந்தார். சங்கிலி இல்லை. திறந்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

அது வந்தது. மூக்குப் பூராவும் வெள்ளையாகியிருந்தது, புருவத்துக்கு மேலும் இரண்டு வெள்ளை. பின்னங்காலில் லேசான இழுப்பு. ஆனால் நடை போலீஸ் நடைதான், ஒரு வேலையாக வருகிற நடை. கொம்பையா வலது கையை நீட்டினார். யாரும் நீட்டச் சொல்லவில்லை. பாதம். முழங்கால். வேட்டிக் கரை. அதே வரிசை. மாற்றவே மாட்டாயா நீ. அப்புறம் கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், சிட்டிகை பிடித்த அதே இடத்தில், மூக்கு வந்து நின்றது, ஈரமாக, குளுகுளுவென்று. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. வேப்பம்பழம் ஒன்று விழுந்தது. தும்மவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு பூட்டு திறந்துகொண்டது. எட்டொன்பது வருஷம் எண்ணெய் காணாத பூட்டு. தும்மவில்லையடா, பார்த்துக்கொள்ளுங்கள், டீக்கடைப் பயல்களா, சிட்டிகைப் பொடி இல்லை, ஒரு மண்ணும் இல்லை, மூக்கு முழுசாகத் திறந்திருக்கிறது, வெறுங்கை, மோந்து பார்த்தாகிவிட்டது, தும்மவில்லை. ரீட்டா தலையைத் திருப்பியது. அவரைக் கடந்து நடந்தது. அன்றைக்குப் போன மாதிரியே, இந்த ஆளிடம் ஒன்றுமில்லை என்று, கேட்டைப் பார்த்து. போகிறது. அதற்கு இவ்வளவுதான் தெரியும். ஒன்றுமில்லாத ஆளைத் தாண்டிப் போகத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, இதோ போகிறது. போகாதே. அதற்கு ஒரு வாக்கியம் உண்டு. நாலாவதாகப் படித்தது. குளிக்கும்போது, பல் விளக்கும்போது, வரிசையில் நிற்கும்போது சொன்னது. "கூப்பிடுங்க அண்ணாச்சி," என்றார் ஜெயசீலன். வாயைத் திறந்தார். இப்போது நுரையும் இல்லை, கத்தியும் இல்லை. இங்கிலீஷ் வரவில்லை, தமிழும் வரவில்லை. பெயர்ச்சொல் ஐந்து வகை என்பதுதான் வந்தது.

"ரீட்டா! ஸிட்! ஸிட் டவுன்மா!"

ரீட்டா உட்கார்ந்தது. பொத்தென்று, கேட்டுக்கு நேராக, வாலைச் சுருட்டி. அதன் முன்னால் சீனியம்மாள் நின்றாள். ஒரு கையில் ஜெராக்ஸ் காகிதம், மறு கையில் மஞ்சள் பை, பைக்கு வெளியே பொறை ரொட்டிப் பாக்கெட் எட்டிப் பார்த்தது, அதற்கடியில் மடித்த பழைய போர்வை. வெயிலில் நடந்து வந்து மூச்சிரைத்தாள். நாய் அவளை நிமிர்ந்து பார்த்தது. நகரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, கையில் கத்திரியோடு கடை வாசலில் நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த சந்தனகுமாரின் குரல் வந்தது: "அய்யய்யோ, அக்காவப் புடிச்சிருச்சுடோய் போலீஸ் நாயி!" ஜெயசீலன் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்றது. "எந்த ஸ்கூல்லக்கா இங்கிலீஷ் படிச்சீங்க?" என்றார். "எங்க வீட்டுப் பாத்ரூம் கதவுக்கு வெளிய," என்றாள் சீனியம்மாள். "உள்ள ஒருத்தர் ரெண்டு மாசமா ஸிட்டு ஸ்டேன்னு கத்துறாரு. நாய் வருதோ இல்லியோ, எனக்கு வந்துருச்சு. இந்தாங்க காயிதம். மறந்துட்டு வந்துட்டாரு. பேனா இருக்கா, பேனாவையும் மறந்திருப்பாரே." கொம்பையாவுக்குத் தொண்டை திறந்தது. ஸிட்டைத்தான் வேண்டாமென்று ஒதுக்கி வைத்திருந்தார். அவள் அதையே சொன்னாள், நாய் உட்கார்ந்தது, ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை, சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். "ரீட்டா," என்றார். மகாலில் பந்தி நடத்திய குரல், எங்கே போயிருந்ததோ. "கம்." நாய் காதைத் தூக்கியது. எழுந்தது. பின்னங்காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்து அவருடைய இடது பக்கம், முழங்காலை ஒட்டி நின்றது. "உங்ககிட்ட நின்னுட்டா," என்றார் ஜெயசீலன். சிரிப்பு போய்விட்டிருந்தது. கழுத்துப்பட்டையை மாட்டும்போது குனிந்தவர் சீக்கிரத்தில் நிமிரவில்லை.

வீட்டுக்கு மூன்று பேராக நடந்தார்கள். கயிறு கொம்பையா கையில். தெருவில் போனவர்கள் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். இந்தத் தடவை நாய்க்காக. நாலடி பின்னால் வந்த சீனியம்மாள் பக்கத்தில் வந்தாள். "அன்னிக்கும் இப்பிடித்தான் மோந்துச்சாக்கும்?" "ம்." "இன்னிக்குத் தும்மல." "ம்." "பாத்துட்டுத்தான் இருந்தேன், கேட்டுக்கிட்ட நின்னு." பஞ்சர் கடை, மாவு மில், மாரியம்மன் கோயில் முக்கு. ஒரு தெரு நாய் தூரத்திலிருந்து குரைத்தது; ரீட்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அன்னிக்கு நான் உங்கள ஒண்ணு கேட்டேன்," என்றாள் சீனியம்மாள். அவர் நின்றார். நாயும் நின்றது. "கேட்ட," என்றார். "நீங்க பதிலே சொல்லல." "தெரிஞ்சவ எதுக்குக் கேட்ட?" குரல் கடுத்துத்தான் வந்தது. அவள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "ஊரே கேட்டுச்சு. ஒருத்தர்கிட்டயும் நீங்க வாயத் திறக்கல. எனக்குன்னாச்சும் ஒரு வார்த்த சொல்லுவீகன்னு கேட்டேன். நான் போயி நாலு பேருகிட்ட, எம் புருசன் எங்கிட்டச் சொன்னாருன்னு சொல்லணும்ல? நீங்க துண்ட ஒதறிப் போட்டுட்டுப் போயிட்டீக. நீங்க சொல்லாத வார்த்தைய நான் என்னன்னு போயிச் சொல்ல? அன்னையிலருந்து நிலைய விட்டு நகராமத்தான் நிக்கேன்."

கேள்வி என்றால் சட்டையைப் பிடிப்பது என்றே இத்தனை காலம் வைத்திருந்தார். கையை நீட்டிக்கொண்டு நிற்பதும் கேள்விதான் போலிருக்கிறது. நாய்க்கு நீட்டத் தெரிந்த கை இவளுக்கு நீளவில்லை. தலையை ஆட்டினால் போதாது, முழு வாக்கியமாகச் சொல்லுங்க. டீச்சர் குரல். காபி ஆறிப் போயிருக்கும், நாளைக்குப் போய் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். கொம்பையா கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்தார்.

"நான் எடுக்கல, சீனி," என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். புதுச் சவரம், படிகார எரிச்சலில் சிவந்த தாடை.

"சரி, நடங்க," என்றாள்.

ரீட்டாவுக்கு அந்தத் தமிழ் புரிந்துவிட்டது போலிருந்தது. அதுதான் முதலில் நடக்க ஆரம்பித்தது.